பேரரங்குகளும் ஊர்த் திடலும்

(ஊராட்சி ஒன்றியப் பயிற்சி முகாமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



குடிநீர், சாலை, வீட்டு வசதி, தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிக் காலை முதல் பல உரைகளைக் கேட்டோம். இப்பொழுது நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் விளையாட்டரங்குகள். "ஊராட்சிப் பணிக்கும் பெருநகர விளையாட்டரங்குகளுக்கும் என்ன தொடர்பு?" என்று உங்களுள் சிலர் எண்ணக் கூடும். தொடர்பு உண்டு. நம் நாட்டின் மிகப் பெரிய அரங்குகள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை முதலில் பார்ப்போம். பின்னர், அவற்றினின்று நம் சிற்றூர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது யாது என்பதை ஆராய்வோம்.

நாட்டிலுள்ள அரங்குகளுள் முதலிடம் பெறுவது குஜராத்தின் அகமதாபாத் நகரையடுத்த மொடேராவில் உள்ள அரங்கு. கிரிக்கெட் ஆட்டத்திற்கென உலகில் அமைந்த அரங்குகளிலும் இதுவே மிகப் பெரியது. முதலில் 1980-களின் தொடக்கத்தில் எழுப்பப்பட்ட இவ்வரங்கில்தான், 1987-ஆம் ஆண்டில் சுனில் கவாஸ்கர் டெஸ்ட் ஆட்டங்களில் 10,000 ஓட்டங்களை எட்டிய முதல் வீரரானார். பின்னர் அப்பழைய கட்டடம் முற்றிலும் அகற்றப்பட்டது. 63 ஏக்கர் பரப்பில் 1,32,000 பேர் அமரத்தக்க புதிய அரங்கு எழுந்து, 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டு முதல் இது நரேந்திர மோடி விளையாட்டரங்கு என்று வழங்கப்படுகிறது. 2023-ஆம் ஆண்டின் உலகக் கோப்பை இறுதியாட்டம் நடைபெற்றதும் இங்கேதான்.

அடுத்து, கொல்கத்தா நகரின் இரண்டு அரங்குகளைக் குறிப்பிட வேண்டும். ஒன்று, 1864-ஆம் ஆண்டில் தோன்றிய ஈடன் தோட்ட அரங்கு. ஒரு காலத்தில் அங்கே ஏறத்தாழ இலட்சம் பேர் நெருங்கியமர்ந்து ஆட்டம் பார்த்தனர். 2011-ஆம் ஆண்டின் உலகக் கோப்பையை முன்னிட்டுப் புதுப்பித்தபொழுது, அந்த எண்ணிக்கை 70,000-க்கும் கீழே குறைக்கப்பட்டது. மற்றொன்று, சால்ட் லேக் பகுதியில் 1984-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கால்பந்து அரங்கு. 1,20,000 பேருக்கென அமைக்கப்பட்ட அவ்வரங்கிலும், தனித்தனி இருக்கைகள் பொருத்தப்பட்ட பின் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. தலைநகர் தில்லியில், 1982-ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கென ஜவாஹர்லால் நேரு அரங்கு எழுப்பப்பட்டது. 2010-ஆம் ஆண்டின் காமன்வெல்த் போட்டிகளுக்காக அது 60,000 பேர் அமரத்தக்கதாகப் புதுப்பிக்கப்பட்டது.

நம் மாநிலத்திற்கு வருவோம். சென்னைச் சேப்பாக்கம் அரங்கு 1916-ஆம் ஆண்டு தொட்டு நிலைத்து நிற்பது. ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதல் ஆட்டம், சென்னைக்கும் மைசூருக்குமிடையே 1934-ஆம் ஆண்டு நவம்பரில் இங்கு நடைபெற்றது. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை 1952-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராக ஈட்டியதும் இதே களத்தில்தான். இன்று ஏறத்தாழ 38,000 பேர் அங்கே அமரலாம். பெரியமேட்டிலுள்ள ஜவாஹர்லால் நேரு அரங்கு 1993-ஆம் ஆண்டில் 40,000 பேருக்கென எழுப்பப்பட்டது. முன்னர் மாநகராட்சி அரங்கு என்று பெயர் பெற்றிருந்த அந்த இடத்தில், 1956-ஆம் ஆண்டு வினு மன்கடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தனர். அரை நூற்றாண்டுக்கு மேலாக அது உலகச் சாதனையாக நின்றது. மதுரை மாவட்டம் அலங்காநல்லூரையடுத்த கீழக்கரையில், 2024-ஆம் ஆண்டு சனவரியில் ஏறுதழுவுதலுக்கெனத் தனி அரங்கொன்றும் திறக்கப்பட்டது.

அன்பர்களே! இவ்வளவு பெரிய கட்டடங்களைப் பற்றிக் கேட்கும்பொழுது நம் மனக்கண் முன் நிற்பவை எவை? வானளாவிய மாடங்கள், வரிசை வரிசையான இருக்கைகள், இரவைப் பகலாக்கும் விளக்குகள். இவை யாவும் எதற்காக எழுப்பப்பட்டவை? நடுவில் இருக்கும் வெறும் புல்தரைக்காக! கிரிக்கெட் விதிப்படி, எல்லைக்கோடு நடுத்தளத்தினின்று 90 கஜத்திற்கு மேற்படக் கூடாது. ஆகவே, மொடேராவின் 63 ஏக்கரில் ஆடுகளம் ஏறக்குறைய 5 ஏக்கருக்குள் அடங்கிவிடும். மற்ற நிலமெல்லாம் அந்த 5 ஏக்கருக்குக் காவல் இருக்கிறது என்று கூறினும் மிகையாகாது. ஆட்டமில்லாத நாட்களில் அந்தப் புல்தரை வெறுமையாகவே கிடக்கிறது. ஆயினும், "இடம் வீணாகக் கிடக்கிறதே, நடுவில் ஒரு கிடங்கு கட்டலாமே" என்று எவரும் கேட்பதில்லை. வெறுமையாக இருப்பதே அதன் பயன் என்பதை அனைவரும் அறிவர்.

இந்த ஒன்றைத்தான் நம் ஊர்கள் மறந்து வருகின்றன. நகரத்தில் கோடி கோடியாகச் செலவிட்டுக் காக்கப்படும் வெற்றிடம், சிற்றூரில் செலவின்றியே இருந்தது. மந்தைவெளி என்றும், பொட்டல் என்றும், திடல் என்றும் ஊருக்கு ஊர் அதற்குப் பெயர் இருந்தது. அறுவடைக் காலத்தில் அங்கே நெல் உலர்ந்தது. திருவிழாக் காலத்தில் கூத்து நடந்தது. மற்ற நாட்களில் மாலைதோறும் சடுகுடுவும் கிட்டிப்புள்ளும் கிளித்தட்டும் நிகழ்ந்தன. இன்று அந்த இடம் எத்தனை ஊர்களில் எஞ்சியிருக்கிறது என்பதை உங்கள் உங்கள் ஊரை நினைத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

திடல் பறிபோகும் வகை இரண்டு. ஒன்று, ஆக்கிரமிப்பு. நாம் பணியின் பொருட்டுச் சென்ற ஓர் ஊரின் நிலையைச் சொல்வோம். பெயர் வேண்டுவதில்லை, அத்தகைய ஊர்கள் பல. அங்கே பள்ளியையடுத்து அகன்ற திடல் ஒன்று இருந்தது. முதலில் அதன் ஓரத்தில் ஒருவர் வைக்கோற்போர் வைத்தார்; எவரும் தடுக்கவில்லை. மறு ஆண்டு போரைச் சுற்றி முள்வேலி வந்தது. அடுத்து மாட்டுக் கொட்டகை வந்தது. பின் கொட்டகை கடையாயிற்று. அவரைப் பார்த்து எதிர் ஓரத்தில் மற்றொருவர் தொடங்கினார். பத்து ஆண்டுகளில் திடல் ஒரு சந்தாகச் சுருங்கிவிட்டது. அவ்வூர்ப் பிள்ளைகள் இன்று நெடுஞ்சாலை ஓரத்தில் பந்து விளையாடுகிறார்கள். பந்து சாலையைத் தாண்டி ஓடும்பொழுதெல்லாம் அதன் பின்னே ஒரு பிள்ளையும் ஓடுகிறது. வைக்கோற்போர் வைத்தவர் கொடியவரல்லர். அது எவருக்கும் உரியதன்று என அவர் எண்ணினார். அனைவருக்கும் உரியது என ஊர் எடுத்துச் சொல்லவில்லை.

இரண்டாவது வகை இன்னும் கவனிக்கத்தக்கது. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, சமுதாயக் கூடம் ஆகிய எல்லாம் ஊருக்கு வேண்டியவையே. அவற்றிற்கு இடம் தேடும்பொழுது, வழக்கு வில்லங்கம் இல்லாத நிலமாக முதலில் கண்ணில் படுவது திடல். நிதியாண்டு முடிவதற்குள் பணியைத் தொடங்க வேண்டும் என்ற அவசரமும் உடன் சேர்கிறது. இவ்வாறு நல்ல நோக்கமுடைய நான்கு கட்டடங்கள் நான்கு மூலைகளில் எழுந்தால், நடுவில் எஞ்சுவது நடைபாதையே அன்றித் திடலன்று. ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியே நன்மைதான். எனினும், அவற்றால் இழந்ததை எந்த மதிப்பீட்டு அறிக்கையும் கணக்கில் எழுதுவதில்லை.

"சிற்றூர்த் திடல் போனால் என்ன? நகரத்தில்தான் பேரரங்குகள் உள்ளனவே" என்று எவரேனும் கேட்டால், அவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். 1997-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் அணிகள் மோதின. அன்று கூடியவர்கள் 1,31,000-க்கும் மேற்பட்டோர். களத்தில் ஒரே நேரத்தில் ஆடியவர்களோ 22 பேர்! பேரரங்கு பார்ப்பதற்குரிய இடம். திடலே ஆடுவதற்குரிய இடம். அன்றைய ஆட்டத்தில் மூன்று கோல்களை அடித்து அப்பெருங்கூட்டத்தைத் தன் பால் ஈர்த்த பைச்சுங் பூட்டியா யார்? சிக்கிம் மலைப்பகுதியிலுள்ள தின்கிதாம் என்னும் சிற்றூரில் பிறந்தவர்.

ஒடிசா மாநிலத்துச் சுந்தர்கட் மாவட்டத்தை நோக்குவோம். அம்மாவட்டத்தின் ரூர்கேலா நகரில், 2023-ஆம் ஆண்டு சனவரியில் பிர்சா முண்டா ஹாக்கி அரங்கு திறக்கப்பட்டது. 20,000-க்கும் மேற்பட்ட இருக்கைகளுடன், முழுதும் இருக்கைகள் அமைந்த ஹாக்கி அரங்குகளுள் உலகிலேயே பெரியது எனக் கின்னஸ் நிறுவனத்தாரால் ஏற்கப்பட்டது அது. மாநிலத் தலைநகரில் மட்டுமன்றி, பழங்குடி மக்கள் மிக்க அந்த மாவட்டத்திலும் ஏன் அவ்வளவு பெரிய அரங்கை எழுப்பினார்கள்? அங்கே ஹாக்கி முதலில் ஊர்களில் வேரூன்றியிருந்தது என்பதே விடை. மூங்கிலாலும் மரக்கிளையாலும் மட்டை செய்து மண் தரையில் ஆடிய பிள்ளைகள் அம்மாவட்டத்தினர். ஊர்களுக்கிடையே நடக்கும் போட்டிகளில் வென்ற அணிக்கு ஆட்டுக்கடாவே பரிசு. அதனைக் கொண்டு ஊரே விருந்துண்பது வழக்கம். அம்மாவட்டத்துச் சௌனாமாரா என்னும் ஓர் ஊரினின்றே, மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஆடிய திலீப் திர்கியும், 2024-ஆம் ஆண்டு பாரிசில் வெண்கலம் வென்ற அணியின் அமித் ரோகிதாசும் வந்தனர். ஆதலின், அங்கே அரங்கு திடலைப் படைக்கவில்லை. திடல்தான் அரங்கைப் படைத்தது.

நம் தமிழகமும் இதற்கு விலக்கன்று. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி என்னும் ஊரைச் சேர்ந்த கணேசன், 1994-ஆம் ஆண்டு ஜப்பானின் ஹிரோஷிமாவில் நடந்த ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடினார். பின்னர் அர்ஜுனா விருதும் பெற்றார். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, சிறு வயதில் விபத்தில் கால் ஊனமுற்றவர். அவர் 2016-ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக் போட்டியில் உயரம் தாண்டுதலில் தங்கமும், அடுத்து டோக்கியோவில் வெள்ளியும், 2024-ஆம் ஆண்டு பாரிசில் வெண்கலமும் வென்றார். அதே மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் தோன்றிய நடராசன், இந்திய அணிக்குப் பந்து வீசிப் புகழ் பெற்றார். பின்பு அவர் செய்தது யாது? தம் ஊரிலேயே ஆடுகளம் ஒன்றை அமைத்து, 2023-ஆம் ஆண்டில் இளைஞர்களுக்குத் திறந்துவிட்டார். பேரரங்குகளை நேரில் கண்டு அங்கே ஆடியவர், ஊருக்குத் தேவை எது எனத் தேர்ந்தது திடலைத்தான் என்பது நாம் சிந்திக்கத்தக்கது.

எனினும், எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் வெல்லப் போவதில்லை. ஆயிரத்தில் ஒருவர் வெல்வதற்காக மற்றவர்களுக்குத் திடல் வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. ஓடியாடும் பிள்ளையின் உடல் உரம் பெறுகிறது. தோல்வியைத் தாங்கும் பழக்கம் வருகிறது. தெரு வேறுபாடும் சாதி வேறுபாடும் பாராமல் ஒரே அணியில் நிற்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. சடுகுடுவில் எதிரணி வீரனை மடக்கக் கைகோத்து நிற்பவர்கள், கோத்த கை யாருடையது என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. மாலைப்பொழுதைக் கழிக்க வேறிடமில்லாத இளைஞன் எங்கே போய் நிற்கிறான் என்பதைத் தாய்மார்களாகிய நீங்கள் எம்மினும் நன்கு அறிவீர்கள்.

இனி, செய்ய வேண்டியவற்றைக் காண்போம். முதலாவது, எவ்வளவு நிலம் வேண்டும்? 400 மீட்டர் ஓடுபாதையுடன் கூடிய முழுக் களத்திற்கு ஏறக்குறைய 4 ஏக்கர் வேண்டும். அத்துணை இடம் எல்லா ஊரிலும் இல்லை என்பது உண்மை. ஆனால், ஆடவர் கபடிக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமுமே உடையது. சுற்றிலும் 3 மீட்டர் இடைவெளி விட்டால் ஏழரை சென்ட் போதும். கைப்பந்துக் களம் 18 மீட்டருக்கு 9 மீட்டர். அதே இடைவெளியுடன் 9 சென்ட். கோ-கோ களம் 27 மீட்டருக்கு 16 மீட்டர். இடைவெளியுடன் 18 சென்ட். இம்மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 35 சென்ட்தான். அரை ஏக்கர் நிலமுள்ள ஊர் இம்மூன்று களங்களையும் அமைத்து, சிறு பிள்ளைகள் ஓடியாடவும் மரம் வைக்கவும் 15 சென்ட் மீதியும் வைத்துக்கொள்ளலாம். "எங்கள் ஊரில் இடமே இல்லை" என்று கூறும் முன், புலப்படத்தை விரித்து இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, அமைக்கும் முறை. இங்கே பேரரங்குகள் நமக்கு ஆசிரியராக விளங்குகின்றன. அவற்றில் பெருஞ்செலவு செய்வது கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு. அதாவது, தரைக்கடியில் மழைநீர் வடியும் அமைப்புக்கு. மழை ஓய்ந்த சிறிது நேரத்தில் ஆட்டம் தொடர முடிவது அதனால்தான். நம் திடலில் மணல் அடுக்கும் குழாய்களும் வேண்டா. நடுவைச் சற்று உயர்த்தி, 100 அடிக்கு 1 அடி வீதம் ஓரத்தை நோக்கிச் சரிவு கொடுத்து, சுற்றிலும் வடிகால் வெட்டினாலே போதும். அந்நீரைக் குளத்திற்கோ உறிஞ்சு குழிக்கோ திருப்பலாம். அடுத்து, திசை. களத்தின் நீளம் வடக்குத் தெற்காக அமைய வேண்டும். கிழக்கு மேற்காக அமைந்தால், மாலை வெயில் ஓர் அணியின் கண்ணில் நேராக அடிக்கும். பேரரங்குகளிலும் இயன்றவரை இவ்விதியே பின்பற்றப்படுகிறது. மேற்கு ஓரத்தில் வேம்பும் புங்கமும் பூவரசும் நட்டால், மாலையில் நிழல் களத்தின் மீது விழும். சீமைக் கருவேலத்தை வேரோடு களைய வேண்டும். அதன் முள் ஒன்று போதும், ஒரு பிள்ளையின் காலைப் பழுதாக்க.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள், ஈடன் தோட்ட அரங்கில் கால்பந்து ஆட்டத்தின்போது எழுந்த கலவர நெரிசலில் 16 பேர் உயிரிழந்தனர். நெருங்கியமர்ந்த பழைய முறையை மாற்றி, இருக்கைகளைக் குறைத்து, வெளியேறும் வழிகளைப் பெருக்கும் போக்கு இன்று உலகெங்கும் வந்துவிட்டது. இருக்கையின் எண்ணிக்கை பெருமையன்று; வந்தவர் அனைவரும் நலமாக வீடு திரும்புவதே பெருமை. நம் ஊர்களில் இரவு நேரக் கபடிப் போட்டிகளுக்குச் சவுக்குக் கம்பால் மாடம் கட்டுகிறோம். அதன் மீது அளவுக்கு மேல் ஆளை ஏற்றாதிருப்பதும், வழியை அடைக்காதிருப்பதும், மின்கம்பியின் அடியில் களம் அமைக்காதிருப்பதும், அருகிலுள்ள கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்புவதும் போட்டி நடத்துவோர் கடமையாகும்.

மூன்றாவது, ஆவணம். எல்லாவற்றினும் இன்றியமையாதது இதுவே. திடல் என ஊரார் அழைக்கும் நிலம், கிராமக் கணக்கில் வெறும் புறம்போக்கு என்றோ தரிசு என்றோ இருக்கலாம். கணக்கைப் பார்ப்பவருக்கு அது காலியிடமே. ஆகவே, கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைக் கண்டு, புல எண்ணையும் பரப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். நில அளவரைக் கொண்டு அளந்து, நான்கு எல்லையிலும் கல் நடுங்கள். அந்நிலம் விளையாட்டுத் திடலாகவே நிலைக்க வேண்டும் எனக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, நில ஆவணத்தில் அக்குறிப்பு ஏறுமாறு வருவாய்த் துறைக்கு எழுதுங்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுவது நம் மாநிலத்தில் ஏற்பட்ட முறை. அவற்றுள் ஒன்றிலேனும் திடலின் நிலை பொருள் நிரலில் இடம்பெறட்டும். ஊர்ப் பொது நிலங்களின் மீதான ஆக்கிரமிப்புகளை அகற்ற மாநில அரசுகள் வகை செய்ய வேண்டும் என, உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டு சனவரியில், பஞ்சாப் மாநிலத்துக் குளமொன்றைப் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. சட்டம் நம் பக்கம் உள்ளது. கேட்க வேண்டியது ஊர்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். திடல் வேண்டும் என்பதற்காக ஏரியின் உட்புறத்தையும், வாய்க்காலையும், மேய்ச்சல் நிலத்தையும் மேடாக்கிவிடலாகாது. கோடையில் வறண்ட ஏரியில் பிள்ளைகள் ஆடுவது வேறு. ஏரியையே நிரந்தரத் திடலாக்குவது வேறு. ஒரு பொதுச் சொத்தைக் காக்க மற்றொன்றை அழித்தல் முறையாகாது.

நான்காவது, பெண் பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பு வரை ஆடவரோடு சமமாக ஓடியாடும் சிறுமி, ஏழாம் வகுப்பில் திடலின் ஓரத்தில் நிற்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் திடலுக்கே வருவதில்லை. இதற்கு அவளது விருப்பமின்மை காரணமன்று. அங்கே கழிப்பிடம் இல்லை. அந்தி சாய்ந்தால் விளக்கு இல்லை. களம் முழுவதையும் இளைஞர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். இவை தீர்க்க முடியாத குறைகளா? திடலையடுத்துப் பள்ளிக் கழிப்பிடமோ சமுதாயக் கழிப்பிடமோ இருப்பின், அதனை மாலையிலும் திறந்துவைக்கலாம். தெருவிளக்குகளுள் இரண்டைத் திடலை நோக்கித் திருப்பலாம். மாலையில் ஒரு மணி நேரம் பெண் பிள்ளைகளுக்கே களம் என ஊர்க் கட்டுப்பாடு செய்யலாம். அந்நேரத்தில் மகளிர் குழுவினர் இருவர் முறை வைத்துத் திடலில் அமர்ந்திருக்கலாம். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. மனம் ஒன்றே தேவை.

ஐந்தாவது, பராமரிப்பு. அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் முன்னர்ப் பல ஊராட்சிகளில் விளையாட்டுத் திடல்கள் அமைக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். நட்ட கம்பங்கள் இன்று சில ஊர்களில் துணி உலர்த்தப் பயன்படுகின்றன. வேறு சில ஊர்களிலோ பந்தடி ஓசை இன்றும் ஓயவில்லை. இரண்டு வகை ஊர்களுக்கும் அளிக்கப்பட்ட தொகையில் பெரிய வேறுபாடில்லை. பின்னவற்றில் திடலைத் தம்முடையதாகக் கருதிய சிலர் இருந்தனர், அவ்வளவே. 2024-ஆம் ஆண்டில் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தின் கீழ், மாநிலத்தின் ஊராட்சிகளுக்குப் பந்து, மட்டை, வலை முதலிய பொருள்கள் வழங்கப்பட்டன. அப்பெட்டி அலுவலக அலமாரியில் பூட்டுடன் இருந்தால் புதிதாகவே இருக்கும். பிள்ளைகள் கையில் இருந்தால் தேயும். தேய்ந்த பந்தே கணக்கில் வரவாக எழுதத்தக்கது! பெட்டியின் திறவுகோல் யாரிடம் இருக்கும், எந்நேரத்தில் திறக்கப்படும் என்பதை எழுதி, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

திடலுக்கென ஐந்து பேர் அடங்கிய சிறு குழுவொன்றை அமைத்தல் நலம். இளைஞர் இருவர், மகளிர் குழுவினர் இருவர், உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் என இருக்கலாம். திங்களில் ஒரு ஞாயிறு காலை, ஊர் கூடிப் புல் செதுக்கி, குழி மூடி, வடிகால் திருத்தினால், ஆண்டு முழுவதும் திடல் பழுதின்றி விளங்கும். ஊர் கூடித் தேர் இழுக்கும் நமக்கு இது அரிய செயலன்று.

"எல்லாம் சரி, அங்கன்வாடிக்கு இடமில்லையே, அதற்கு என்ன செய்வது?" என்று ஊராட்சிச் செயலர்கள் கேட்கக் கூடும். நியாயமான கேள்வியே. அதற்கு நம் விடை இது: கட்டடம் மேல்நோக்கி வளரும், திடல் வளராது. பழைய கட்டடத்தை இடித்துவிட்டு அவ்விடத்திலேயே புதிது கட்டலாம். ஒரு கட்டடத்தின் மேல் மற்றொன்றைக் கட்டலாம். இரண்டு அலுவலகங்களை ஒரே கூரையின் கீழ் வைக்கலாம். இவை ஒன்றும் இயலாதபொழுது, திடலின் ஒரு பகுதியை எடுக்கத்தான் வேண்டும் என்றால், கிராம சபையில் அதனை வெளிப்படையாக வைத்து, ஈடாக வேறு நிலத்தை அளந்து கல் நட்ட பின் எடுக்கலாம். கட்டடம் எழுந்த பின் ஈடு தேடினால், அது என்றும் கிடைப்பதில்லை.

அன்பர்களே! மொடேராவில் 1,32,000 இருக்கைகள் உள்ளன. நம் ஊர்த் திடலில் ஓர் இருக்கையும் இல்லை. மதகுத் திண்டும் மரத்தடியுமே மாடங்கள். ஆயினும், அங்கே ஆடவுள்ள ஒருவர் முதன்முதலில் ஓடப் பழகும் இடம் இங்கேதான் இருக்கிறது. பேரரங்குகளை அரசும் பெருஞ்சங்கங்களும் காத்துக்கொள்ளும். திடலைக் காக்க ஊரைத் தவிர வேறு எவருமில்லை.

ஆகவே, இம்முகாமினின்று திரும்பியதும் நீங்கள் முதலில் செய்ய வேண்டியதைக் கூறி முடிப்போம். உங்கள் ஊர்த் திடலின் புல எண்ணையும் பரப்பையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த ஒன்றியக் கூட்டத்திற்குக் கொண்டுவாருங்கள். எல்லைக்கல் நட வேண்டிய ஊர்கள் எவை, ஆக்கிரமிப்பு அகற்ற வேண்டிய ஊர்கள் எவை, புதிதாக இடம் தேட வேண்டிய ஊர்கள் எவை என மூன்றாகப் பிரித்து, அன்றே பணியைத் தொடங்குவோம்.